ஆறாவது ஸ்பூன்

ஃப்ரீசரில் பிடித்திருக்கும் ஐஸ் கரைய எத்தனை நேரமாகும் என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது, வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் ஐஸ் கரைக்கிற பொத்தானை அமுக்கிவிட்டுக் கீழே பழைய துண்டை விரித்துவைப்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர எதற்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை. அவள் போய் நாளையோடு ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில் அந்தச் சின்னக் கதவை நான் திறக்கவே இல்லை, கீழ்த்தட்டில் பால் பாக்கெட், கடைத் தோசைமாவு, அதோடு என் ராஜ்ஜியம் முடிந்தது. இன்றைக்குத் திறந்தால் உள்ளே சுவர் எழுப்பினதுபோல ஐஸ், விரல் நுழைய இடமில்லை. பொத்தானை அமுக்கினேன், வேலை செய்யவில்லை. சுவிட்சையே அணைத்துவிட்டேன். அணைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது, அந்த ஐஸ் கரைகிற நேரத்தில் வாங்கிவந்த ஐஸ்கிரீமும் கரைந்துவிடுமே என்று. ரிடையரானால் புத்தியும் கூடவே ரிடையராகிவிடும் போலிருக்கிறது. ஏழு டப்பா. ஐஸ்கிரீம் நாலு, யோகர்ட் மூன்று. மேஜைமேல் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு துண்டுக் காகிதம், மில் லேபில் நூல் கோன்களை நிறுத்திவைத்துச் சீட்டு எழுதுவேனே அதே மாதிரி. பாஸ், சுமார், தள்ளு. இருபத்தொன்பது வருஷம் நூலை இழுத்து அறுத்துப் பார்த்தே பிழைத்தவன் நான், ஒரு ஐஸ்கிரீமைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன. நாளைக்குப் படையல். காலைப் பஸ்ஸில் பல்லடத்திலிருந்து சரசக்கா வருகிறாள், புதுச் சேலை எடுத்துவைத்திருக்கிறாளாம், கச்சாயப் பலகாரம் சுட மாவு கொண்டுவருகிறாளாம். போனில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவளுக்குப் புடிச்சது எதுன்னு உனக்குத்தான் தெரியும், அத மட்டும் நீ வாங்கி வெச்சிரு கண்ணு. மொத வருசம். புடிச்சத வெக்காம உட்டா அந்த ஆசையோடயே சுத்தும்." எனக்குத்தான் தெரியுமாம். எனக்குத் தெரியாது என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது.

அவளுக்குப் பிடித்தது எலுமிச்சம்பழம். அதுவரை தெரியும். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, புளிக்கிறதெல்லாம் பிடிக்கும், அதுவும் கேக்கின் பேரையோ புட்டிங்கின் பேரையோ வைத்துக்கொண்டு வருமே ஐஸ்கிரீம், அதைக் கண்டால் விடமாட்டாள். மாசத்துக்கு ஒரு தடவை திருச்சி ரோட்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் அரிசி பருப்பு எல்லாம் வண்டியில் ஏறின பிறகு கடைசியாக அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றுகொள்வாள். "புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க." வாங்கிக்கொள்ளேன் என்பேன், வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. கேக் வேண்டுமென்றால் கேக்கைச் சாப்பிடலாம், ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் ஐஸ்கிரீமைச் சாப்பிடலாம், கேக் மாதிரி ருசிக்கிற ஐஸ்கிரீம் எதற்கு, தயிரே புளிப்பு, அதில் எலுமிச்சையையும் பிழிந்து கப்பில் அடைத்து யோகர்ட் என்று பேர் வைத்தால் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. இதை நான் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். இன்றைக்குக் காலையில் அதே கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் நின்றேன். அங்கே வேலை செய்கிற பெண் வந்து, "எந்த ஃப்ளேவருங்க அங்கிள்?" என்றாள். எலுமிச்சம்பழம், கேக் மாதிரி இருக்கும் என்றேன். "அது நாலஞ்சு இருக்குதுங்களே. பேரு தெரியுங்களா?" தெரியாது. கொஞ்சம் ருசி பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டேன். "சேம்பிள் குடுக்கறதில்லைங்க. வீட்டுல போன் போட்டுக் கேளுங்க அங்கிள்." வீட்டில் போன் போட்டுக் கேட்க வேண்டுமாம். பெட்டிக் கதவைத் திறந்து புளிப்புப் பேர் போட்ட எல்லாவற்றிலும் ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ருசி பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால், நாளைக் காலை கடை திறந்ததும் ஓடிப்போய் வாய் வைக்காத புது டப்பா ஒன்று வாங்கிவந்துவிடலாம். ஏனென்றால் படையலுக்கு வைப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது, உப்புக்கூடப் பார்க்கக் கூடாது, கையை மோந்துகூடப் பார்க்காமல்தான் அக்கா சமைப்பாள். எச்சில். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை சாமிக்குக்கூட இருந்ததில்லை.

முதல் டப்பா, லெமன் சீஸ்கேக். மூடியைத் திறந்தபோது ஓரம் இளகியிருந்தது. அலமாரியில் அந்தப் பூப்போட்ட சின்ன ஸ்பூன்களைத் தேடினேன். கல்யாணத்துக்கு வந்த செட், ஆறு இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. பதினாறாம் நாள் சமையலுக்கு வந்தவர்களோடு ஒன்று போயிருக்கும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். ஒரு வாய். இனிப்பு, பிறகு இனிப்பு, அதற்கப்புறம் எங்கேயோ தூரத்தில் புளிப்பு. இதுவா? அவள் சொன்னது நினைவிருக்கிறது, "மொதல்ல சுருக்குன்னு புளிக்கோணுங்க, அப்புறம் பிஸ்கட்டு மாதிரி கரையோணும்." இதில் சுருக்கென்று ஒன்றும் இல்லை. சுமார் என்று எழுதினேன். இரண்டாவது, ஆரஞ்சு கேக். ஜுரத்துக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து இந்த வாசனைதான் அடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் அந்த மருந்தை நான் வாங்கினதும் இல்லை, பாதி குடித்து வைத்ததை வீணாகிறதே என்று வாயில் ஊற்றிக்கொண்டதும் இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டில் எச்சில் என்பது தானாக ஒழிந்துவிடும். என் தம்பி எப்படியாப்பட்ட சுத்தக்காரன், அவன் மகள் கடித்துத் துப்பின முறுக்கைத் தின்றுகொண்டு டிவி பார்ப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். எங்கள் வீட்டில் என் தட்டு என் தட்டாகவே இருந்தது, என் டம்ளர் என் டம்ளராகவே. மயிலாத்தாளுக்கு மட்டும் அப்படி இல்லை. விசேஷ நாளில் நான் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே அவள் உட்கார்ந்துகொள்வாள், எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது, நான் மீதி வைத்த வடையை, ஒதுக்கிவைத்த கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. இலை போட்டால் பெண்டாட்டி அதில் சாப்பிடுவாள், மழை பெய்தால் நனையும், அதுமாதிரி. அவள் எச்சிலை நான் சாப்பிட்டதுண்டா என்று யாராவது கேட்டிருந்தால் கேட்டவனை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பேன். தள்ளு, இரண்டாவது தள்ளு.

மூன்றாவது, லெமன் டார்ட். இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஸ்பூனைக் கழுவித் துடைத்து ஒரு வாய் வைத்தேன், வைத்ததுமே முகம் சுளித்துக்கொண்டது, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அசல் அதே எலுமிச்சை சோப்பு, நடுவில் ஊறிப்போன பிஸ்கட் தூள் வேறு. பெரிதாகத் தள்ளு என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அப்போது போன் அடித்தது, சரசக்கா. "என்ன கண்ணு, வாங்கீட்டியா?" வாங்கிவிட்டேன் என்றேன். "வாயில கீயில வெச்சிராத. செத்தவங்களுக்கு வெக்கறது. எச்சல் பண்ணுனா ஏத்துக்க மாட்டாங்க." இல்லக்கா என்றேன், உதட்டு ஓரத்தில் சோப்பு வாசனையோடு. "அவ பாவம்டா, வாயத் தொறந்து ஒண்ணு கேக்காதவ." வைத்துவிட்டாள். அக்காவுக்கு என்ன தெரியும். கேட்டாளே. ஒன்று கேட்டாளே. போன வருஷம் இதே மாசம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அவள் சமையலறையிலிருந்து டப்பாவோடும் ஸ்பூனோடும் வேகமாக வந்தாள், அவள் அப்படி வேகமாக நடந்து பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "ஏனுங்க, இதானுங்க அது. இத்தன வருசமா தேடிட்டிருந்தனே, அப்படியே அதே ருசி. இந்தாங்க, ஒரே ஒரு வாய் பாருங்க." வாயிலிருந்து எடுத்த ஸ்பூனிலேயே இன்னொரு தடவை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு ஸ்பூன்தான் கண்ணில் பட்டது. "எச்சல் ஸ்பூன எதுக்கு மூஞ்சிக்கு நேரா நீட்டற? வேற ஸ்பூன்ல கொண்டா." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன், அதுதான் இப்போது குத்துகிறது, சண்டையாக இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "அதுஞ் சரிங்க" என்று உள்ளே போனாள். வேறு ஸ்பூனில் கொண்டுவருவாள் என்று நான் பேப்பரைத் திருப்பினேன். கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. டப்பாவின் பேரையாவது பார்த்திருக்கலாம், மூடி அவள் இன்னொரு கையில்தான் இருந்தது, மஞ்சளா வெள்ளையா என்றுகூட ஞாபகமில்லை. புதன்கிழமை காலையில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனவள் திரும்பி வரும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், உட்கார்ந்தவள் சாய்ந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஈரத்துணியெல்லாம் கொடியிலேயே இரண்டு நாள் கிடந்தது.

தேடிக்கொண்டிருந்தேன் என்றாளே, எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது தெரியாமலில்லை, நூறு தடவை சொல்லியிருக்கிறாள், காது கொடுத்தது நாலைந்து தடவை இருக்கும். கல்யாணமான புதிதில் கோத்தகிரிக்குப் போனோம், மில்லில் மூன்று நாள் லீவு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. அங்கே எலுமிச்சம்பழம் போட்ட ஏதோ ஒன்று, வட்டமாக, அடியில் பிஸ்கட் மாதிரி இருந்ததாம், ஒன்றுதான் பாக்கி இருந்ததாம். "நீங்க ஒரு கடி கடிச்சுட்டு, நல்லா இருக்குது புள்ள, இந்தான்னு மிச்சத்த எங்கிட்டக் குடுத்தீங்க. பஸ்ஸு வர்ற வரைக்கும் அத நுணுக்கி நுணுக்கித் தின்னேன்." எனக்கு அந்தப் பேக்கரியே நினைவில் இல்லை. குளிர் ஞாபகம் இருக்கிறது, என் மப்ளரைப் பஸ்ஸில் விட்டுவிட்டது ஞாபகம் இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக ஒருத்தி ஒரு கடியைத் தேடிக்கொண்டு கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாக நின்றிருக்கிறாள், தொலைத்தவன் பக்கத்தில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாலாவது, லைம் ‘பை’ என்று ஏதோ ஒரு கேக்கின் பேர். பச்சைக் கலர், ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாசனை. அதற்குள் நாக்கு மரத்துப்போய்விட்டது. யோகர்ட் மூன்றையும் வேகவேகமாக உடைத்தேன், ஒன்றில் அடியில் எலுமிச்சை ஜாம், ஒன்றில் ஆரஞ்சு கஸ்டர்ட் என்று பேர், தயிர்சாதத்தில் யாரோ மிட்டாயைப் போட்ட மாதிரி, மூன்றாவது என்ன ருசி என்று சொல்லவே தெரியவில்லை. திரும்ப முதலாவதற்கு வந்தேன். அது இப்போது பாயசமாகியிருந்தது. இதுவோ? இதில்தான் புளிப்பு இருந்ததோ? ஒவ்வொன்றாக மறுபடியும், சோப்பைத் தவிர்த்து மறுபடியும், சுமாரைப் பாஸ் ஆக்கினேன், பாஸை அடித்தேன், எல்லாம் ஒரே குளிர், ஒரே இனிப்பு. லேபில் மெஷின் இருந்தது, முள் காட்டும், நூல் அறுந்தால் அறுந்ததுதான், அதில் சந்தேகமில்லை. இவள் நாக்கு இல்லாமல் இதை எப்படி அளப்பது. அலமாரியில் அவள் கழுவிக் கவிழ்த்த காலி டப்பாக்கள் பதினைந்து இருபது இருக்கின்றன, கடுகு, வரமிளகாய், கொட்டைமுந்திரி எல்லாம் அதற்குள்தான், காலையில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த டப்பா கடைசி டப்பா என்று எதிலும் எழுதியில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு இலை முன்னால் எதையோ ஒன்றை வைத்துவிட்டுக் கும்பிட்டால் அக்காவுக்குத் தெரியாது, வருகிறவர்களுக்குத் தெரியாது, கற்பூரம் எரிந்து அணைந்துவிடும். மயிலாத்தாளுக்குத் தெரியும். இவருக்கு இன்னும் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், அதுஞ் சரிங்க என்பாள்.

பொத்தென்று ஒரு சத்தம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் செருகியிருக்கிறேன், சாயங்காலம் மணி நாலரை, சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர், அவள் துண்டு விரிப்பதை இத்தனை வருஷம் பார்த்துத்தான் இருந்தேன், நான் விரிக்கவில்லை. ஃப்ரீசரிலிருந்து ஒரு பாளம் ஐஸ் பெயர்ந்து கீழே கிடந்தது. துண்டை எடுத்துவந்து குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தச் சின்னக் கதவுக்குள், பின்னால், மிச்சமிருந்த ஐஸில் பாதி புதைந்தபடி ஒரு மஞ்சள் மூடி தெரிந்தது. தின்று முடித்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன். அன்றைக்கு அதற்குமேல் அவளுக்குத் தின்னத் தோன்றவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று. இழுத்தேன், வரவில்லை, கரண்டிக் காம்பை விட்டு நெம்பப் போய், டப்பா உடைந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கை விரைத்துப்போக, ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன். புறங்கையால் மூடியைத் துடைத்தேன். லெமன் டார்ட். மேஜைமேல் தள்ளு என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறேனே, அதே மஞ்சள், அதே டார்ட். சிரிப்பு வந்தது, சத்தியமாக வந்தது, இருபத்தொன்பது வருஷ லேப் அனுபவம். மூடியைத் திறந்தேன். உள்ளே ஸ்பூன். பூப்போட்ட ஸ்பூன், ஆறாவது. எச்சில் ஸ்பூனை டப்பாவிலேயே போட்டு மூடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்கவே மாட்டாள். அது மேலாகப் படுத்துக்கிடந்தது, வெறும் ஸ்பூனாக இல்லை, அள்ளினது அள்ளினபடி, ஒரு வாய் நிறைய, மேலே வெள்ளைப் பொடியாக ஐஸ் பூத்திருந்தது. என் முகத்துக்கு நேரே வந்து நின்ற அதே வாய். அதை அவள் தானும் தின்னவில்லை, கொட்டவும் இல்லை. வேறு ஸ்பூனுக்கு மாற்றிக் கொண்டுவர அவளுக்கு மனசு வரவில்லை. வைத்து மூடிவிட்டாள்.

தரை ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது, செத்தவங்களுக்கு வெக்கறது, வாயில வெச்சிராத. இது அவளுக்கு வைத்தது இல்லை. இது எனக்கு வைத்தது. ஸ்பூனை எடுத்தேன், காம்பு விரலில் ஒட்டிக்கொண்டது. வாயில் வைத்தேன். முதலில் வெறும் ஐஸ், ருசியே இல்லை, பல் கூசிற்று. பிறகு சுருக்கென்று புளித்தது. பிறகு பிஸ்கட் கரைந்தது. சோப்பு மாதிரிதான் இருந்தது. நான் துப்பவில்லை, கடைசிப் பிசிறுவரை வாயிலேயே வைத்துக் கரைத்தேன், ஸ்பூனின் குழியையும் நக்கினேன், அறுபத்திரண்டு வயசில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் பார்க்கட்டும். எப்படி இருக்குதுங்க என்று கேட்பாள், எதைச் செய்து வைத்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள், பாதி நாள் நான் பதில் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். "நல்லா இருக்குது மயிலு" என்றேன், வாய்விட்டே சொன்னேன். சமையலறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. அழுதேன், கொஞ்ச நேரம் அல்ல, நன்றாகவே அழுதேன், மாடிப்படியிலிருந்து அவளைத் தூக்கின அன்றுகூட இப்படி அழவில்லை. பிறகு எழுந்து மேஜைமேலிருந்த ஏழையும் குப்பைக் கூடையில் போட்டேன், ஸ்பூன்களைக் கழுவினேன், ஐந்தை மட்டும். ஆறாவதைக் கழுவாமல் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். ஃப்ரீசரைத் துடைத்து, சுவிட்சைப் போட்டு, டப்பாவைப் பின்னால் தள்ளாமல் முன்னாலேயே வைத்தேன். நாளைக் காலையில் கடைக்குப் போகப்போவதில்லை. இலைக்குப் பக்கத்தில் இதைத்தான் வைக்கப்போகிறேன். என்னடா இது, ஒரு வாய் குறையுதே, யார் தின்னது என்று அக்கா கேட்பாள். நான்தான் என்று சொல்லிவிடுவேன்.